தள்ளித் தள்ளி வைத்த கோபுரங்கள்

1

தீபாவளிக்கு முந்தின வாரங்களில் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சமையலறையில் நிற்பேன், ஜன்னலுக்குப் போவேன், போனை எடுப்பேன், வைப்பேன், மறுபடி எடுப்பேன். "உனக்கு என்னதான் வேணும்?" என்று வீட்டுக்காரர் எரிச்சலோடு கேட்பார். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஊரிலிருந்து செய்தி எதுவும் வராமல் இருந்தால் போதும்.

இதைப் படிக்கிறவர் சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஆளாக இருந்தால் மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னப் பட்டாசு யூனிட் இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. அவர் போன பிறகு என் அண்ணன் சண்முகம் நடத்துகிறார். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் கழுத்தைப் பிடிக்கும், லோடு ஏற்ற லாரி வாசலில் வந்து நிற்கும், எல்லாருக்கும் அவசரம். எது நடந்தாலும் அந்த அவசரத்தில்தான் நடக்கும்.

நான் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. கை பாட்டுக்குக் கடிதங்களைப் பிரித்துப் பெட்டிகளில் போட்டுக்கொண்டிருக்கும், மனசு யூனிட் வாசலில் நின்றுகொண்டிருக்கும். போனில் "சாத்தூர் அருகே" என்று ஒரு செய்தி தொடங்கினால் போதும், மீதி வரியைப் படிக்க எனக்குத் தைரியம் வராது. முதலில் அண்ணனுக்குப் போன் அடிப்பேன். "என்ன புள்ள, நாங்க நல்லாத்தான் இருக்கோம்" என்று அவர் சொன்ன பிறகுதான் செய்தியைப் படிப்பேன். எத்தனையோ வருடமாக இதுதான் வழக்கம்.

இந்த வருடம் அதே வாரங்களில் நான் ஒரு வீடியோ கேம் ஆடினேன். சிரிக்காதீர்கள். ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிற பொம்பளை, கையில் கண்ட்ரோலரை வைத்துக்கொண்டு, டி.வி.க்கு முன்னால் தரையில் உட்கார்ந்து பூதங்களோடு சண்டை போட்டேன். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

2

ஆடக் கூப்பிட்டது என் மகள் கயல். பதினாறு வயது. இங்கேயே பிறந்தவள். அவள் ஜெர்மனில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன். ரொம்பக் கோபம் வந்தால் இரண்டு பேரும் பாஷையை மாற்றிக்கொள்வோம். இந்தக் குறிப்பில் அவள் பேசியதையெல்லாம் நானே தமிழாக்கித்தான் தருகிறேன். அவளாகத் தமிழில் சொன்ன இடம் வரும்போது சொல்கிறேன்.

சின்ன வயதில் அவளுக்கு என் அண்ணன் என்றால் உயிர். ஒருமுறை அண்ணனை இங்கே வரவழைக்கலாம் என்று நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அழைக்கிறவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ள வேண்டும், அந்த நாள் கிடைக்க இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். இந்த ஊரில் எல்லாம் அப்படித்தான். வருகிறவர் என்ன தொழில் செய்கிறார் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் கேட்டாள். பட்டாசுக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று அந்த நேரம் பார்த்து எனக்கு மறந்துபோனது. தெரிந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன். அது வெடிமருந்துக்கான வார்த்தை. அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கு வேர்த்துவிட்டது.

பக்கத்தில் நின்ற கயல்தான் என்னைக் காப்பாற்றினாள். அப்போது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். "என் மாமா வானத்துல பூ விடுறவர்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஆனால் அண்ணன் வரவில்லை. "சீசன் முடியட்டும் புள்ள" என்றார். ஒரு சீசன் முடிந்தால் அடுத்தது ஆரம்பித்துவிடும். அது அப்படியே நின்றுபோனது.

போன வருடம் பள்ளியில் கயலுக்கு ஒரு கட்டுரை வாசிக்கும் வேலை கொடுத்தார்கள். ஆபத்தான தொழில்கள் என்பது தலைப்பு. படம் தேடப்போன இடத்தில் நம்ம ஊர் வந்து நின்றிருக்கிறது. இடிந்த சுவர், கருகின தகரம், வாசலில் குவிந்து கிடக்கிற செருப்புகள். இது உன் அம்மா ஊர் இல்லையா என்று வகுப்பில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அன்று வீட்டுக்கு வந்தவள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா இதைத்தான் செய்யுறாரா?"

"பாதுகாப்பாத்தான் செய்யுறாரு. லைசென்ஸ் இருக்கு. ஆய்வுக்கு ஆள் வருவாங்க."

"நான் அதைக் கேக்கலை. ஒரு நிமிஷம் வெளிச்சம் பாக்குறதுக்கு யாரோ ஒருத்தர் சாகலாம்னு தெரிஞ்சும் செய்யுறாரா?"

லைசென்ஸ், விதிமுறை, நூறு குடும்பம் சாப்பிடுகிறது, மழை இல்லாத மண்ணில் வேறு என்ன முளைக்கும் என்று என்னென்னவோ சொன்னேன். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து அண்ணன் போனில் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். "என் மருமக எங்கன?" என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். குளிக்கிறாள், படிக்கிறாள், தூங்குகிறாள் என்று நானும் ஒவ்வொரு தடவையும் பொய் சொல்வேன். "பொம்பளப் புள்ள இம்புட்டு நேரமா குளிக்கும்?" என்று சிரிப்பார். அவருக்குத் தெரியும். என்னிடமும் அவள் பேச்சு குறைந்தது. சாப்பாடு வைத்தால் நன்றி சொல்வாள். பெற்ற தாய்க்கு நன்றி சொல்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா?

அவள் மறுபடி என் அண்ணனோடு பேச வேண்டும். இந்த ஒரு வருடமாக நான் கேட்டதெல்லாம் அதுதான்.

3

இலையுதிர்கால விடுமுறை விட்டார்கள். அவளோடு கேம் ஆடுகிற லேனா என்ற பெண் பெற்றோரோடு கடற்கரைக்குப் போய்விட்டாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஹாலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, உனக்கு வேலை இல்லைன்னா வந்து இதைப் பிடி. ரெண்டு பேர் இல்லாம இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியாது."

ஆத்தாடி, நான் பறந்துபோய் உட்கார்ந்தேன்.

விளையாட்டு இதுதான். ஒரு காட்டுக்கு நடுவில் விளக்குகள் தொங்குகிற மரம் ஒன்று நிற்கும். பல பாதைகளிலிருந்து பூதங்கள் கூட்டம் கூட்டமாக அதை அணைக்க வரும். பாதை ஓரங்களில் நாம் கோபுரங்களைக் கட்ட வேண்டும். கோபுரங்கள் தாங்களாகவே சுடும். செத்த பூதம் நீலக் கல்லைப் போட்டுவிட்டுப் போகும், அதைப் பொறுக்கினால்தான் அடுத்த கோபுரம் கட்டலாம். நான் நரி, கயல் முள்ளெலி. சேர்ந்து காப்பாற்ற வேண்டும். ஒருத்தர் அடிபட்டு விழுந்தால் இன்னொருத்தர் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று எழுப்பிவிட வேண்டும். எழுப்ப ஆள் இல்லையென்றால் அதோடு சரி.

முதல் நாள் என் நரி சுவரில் முட்டிக்கொண்டே இருந்தது. இடது கட்டைவிரல் நடக்க, வலது கட்டைவிரல் பார்க்க. எனக்கோ ஒன்றை அசைத்தால் இன்னொன்று சும்மா இருக்காது. "வானத்தைப் பாக்காத, தரையைப் பாரு" என்று கயல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனால் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு! வேண்டுமென்றே இன்னும் இரண்டு தடவை முட்டினேன்.

கோபுரம் கட்ட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது.

"ஏன் இப்படித் தள்ளித் தள்ளி வைக்கிற?"

"பின்ன எப்படி வைக்க?"

"பக்கத்துல பக்கத்துல வை. ஒண்ணுக்கொண்ணு ஒட்டி இருந்தாத்தான் பலம் கூடும். பாரு, ஒளி வருது இல்ல?"

"ஒட்டி வச்சா ஒண்ணு பத்துனா எல்லாம் பத்திக்கிடுமே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் யூனிட்டில் ரூம்கள் அப்படித்தான் இருக்கும். ஒரு சின்ன ரூம், எதிரும் புதிருமாக வாசல், உள்ளே நாலைந்து பேர். அடுத்த ரூமுக்கு நடுவில் வெறும் பொட்டல். அந்தப் பொட்டலில் ஒரு சாக்கைப் போட்டாலும் அப்பா சத்தம் போடுவார். ஒரு ரூம் போனாலும் பக்கத்து ரூம் நிற்க வேண்டும், அதற்காகத்தான் அந்த இடைவெளி. அதைப் பார்த்தே வளர்ந்த கைக்கு ஒட்டி வைக்க வரவில்லை. எத்தனை தடவை சொல்லியும் என் கோபுரங்கள் மூலைக்கு ஒன்றாக நின்றன. ஒவ்வொரு தடவையும் தோற்றோம்.

இடைவெளி என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வந்து என்னைக் குத்தியது. ஜெர்மனி மாப்பிள்ளை வந்தபோது அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம் என்று அம்மா அழுதாள். அப்பா மட்டும் பிடிவாதமாக நின்றார். "எல்லாரும் ஒரே ரூம்ல இருக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அண்ணன் அங்கே, நான் இங்கே. அப்பா பிள்ளைகளையும் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார். நல்லதற்குத்தான் செய்தார், தெரியும். ஆனாலும் சில நாள் அவர்மேல் எனக்குக் கோபமாக வரும்.

4

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நெருப்புப் பூதம் வரும் கட்டத்துக்கு வந்தோம். அது மோதினால் கோபுரம் பற்றிக்கொண்டு வெடிக்கும். கயல் ஒலியைக் கூட்டி வைத்திருந்தாள். முதல் கோபுரம் வெடித்ததும் என் கை தானாக நரியைத் திருப்பியது. நாங்கள் காட்டுக்குள் நுழைந்த இடத்தில் ஒரு கல்வாசல் உண்டு. நரி ஒரே ஓட்டமாக ஓடி அதற்கு வெளியே போய் நின்றுகொண்டது.

"அம்மா! நான் விழுந்துட்டேன்! வந்து எழுப்பு!"

நான் அசையவில்லை. கண்ட்ரோலரை இறுக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்கினேன். மரம் அணைந்தது. கயல் கண்ட்ரோலரை மெத்தையில் விட்டெறிந்தாள்.

"என்னை விட்டுட்டு ஓடிட்ட!"

"சத்தம் கேட்டா ஓடணும் கயல். எங்களுக்கு அப்படித்தான் பழக்கியிருக்கு."

"இது விளையாட்டும்மா. இதுல உதவி செய்யணும். நீங்கள்லாம் இப்படித்தான். வெடிக்கும்னு தெரிஞ்சே கட்டுவீங்க, வெடிச்சதும் ஓடிருவீங்க."

நறுக்கென்று இருந்தது. நீங்கள்லாம் என்றாளே, அதில் என் அப்பாவும் அண்ணனும் சேர்த்தி. "போடி இவளே, உனக்கு என்ன தெரியும்?" என்று நானும் கத்தினேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுக்கு வெளியே நின்று, அவள் கேட்கிறாளோ இல்லையோ, ஆயுத பூஜைக் கதையை இன்னொரு தடவை சொன்னேன். அவளுக்கு ஐந்து வயதில் அண்ணன் போனில் சொல்லச் சொல்ல விழுந்து விழுந்து சிரித்த கதைதான்.

ஆயுத பூஜைக்கு யூனிட்டில் வேலை கிடையாது. வெடிமருந்து எதுவும் ரூமில் இருக்காது. கழுவிக் கோலம் போட்டு, வேலையாட்கள் குடும்பத்தோடு வருவார்கள். செருப்பை எல்லாரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பூஜை முடிந்து எல்லாரும் ரூம் ரூமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது, எப்போது என்று சொல்லாமல், அப்பா விசில் ஊதுவார். ஊதினால் ஓட வேண்டும். கிழவி, குமரி, கைப்பிள்ளைக்காரி எல்லாரும் ஓட வேண்டும். எதையும் எடுக்கக் கூடாது. முக்கியமாகச் செருப்பை எடுக்கக் கூடாது. செருப்பை எடுக்கக் குனிந்து நின்றால் பின்னால் வருகிறவர்களுக்கு வாசல் அடைத்துக்கொள்ளும். அப்பா கேட்டிலேயே நிற்பார். கடைசி ஆள் தாண்டின பிறகு "எல்லாரும் வந்தாச்சு" என்று உரக்கச் சொல்வார். அதற்குப் பிறகுதான் பொரிகடலை. செருப்போடு வந்தவர்களுக்குப் பொரி கிடையாது.

சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருடம் அண்ணன் மாட்டினார். இருக்கன்குடி ஆடித் திருவிழாவில் வாங்கின புதுச் செருப்பு அது. ஓடிவந்தவர் பாதியில் திரும்பி, அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். முதலாளி மகன் என்று பார்க்காமல் அப்பா எல்லார் முன்னாலும் அவரை வெறும் கையோடு நிறுத்தினார். ஊரே பொரி தின்றது. இவர் செருப்பைக் கட்டிக்கொண்டு அழுதார். "ஏலே சண்முகம், செருப்பைக் கடிச்சுத் தின்னுலே" என்று கைப்பிள்ளைக்காரி ஒருத்தி கேலி செய்தாள்.

"ஓடுறது விட்டுட்டுப் போறதுக்கு இல்ல கயல்" என்று கதவுக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

5

மறுநாள் காலை. இங்கே பத்தரை மணி இருக்கும், ஊரில் மதியச் சாப்பாடு முடிகிற நேரம். அடுப்பில் பால் இருந்தது. போன் மினுங்கியது. சாத்தூர் அருகே.

மேற்கொண்டு படிக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. மதினிக்கு அடித்தேன். "எனக்கும் எடுக்கல வசந்தா, அச்சங்குளத்துப் பக்கம்னு சொல்றாக, எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல" என்று அழுதாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அடுப்பை அணைத்தது கயல்.

"என்ன?"

சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. ஒரு வருடமாக அந்த மாமா பேரைக்கூட எடுக்காதவள், "என் போன்ல இருந்து அடிக்கிறேன்" என்று ஓடினாள். அவள் போனுக்கும் எடுக்கவில்லை.

இதற்குப் பிறகு என்ன செய்வது? அங்கே இருந்தால் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடலாம், கேட்டில் நின்று கத்தலாம், யார் கையையாவது பிடித்துக்கொள்ளலாம். இங்கே என்ன செய்ய? ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். அந்த மனிதரிடம் என்னவென்று சொல்ல? வீட்டுக்காரர் வேலையில் இருந்தார், அங்கே போனை எடுக்க விடமாட்டார்கள். நான் மறுபடி அடித்தேன். "கொஞ்சம் உட்காரும்மா" என்றாள் கயல். "எனக்கு உட்கார வராதுடி" என்றேன்.

அவள் கண்ட்ரோலரைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். எனக்குக் கோபம் வந்தது. இந்த நேரத்தில் விளையாட்டா? ஆனால் அவள் தன் கண்ட்ரோலரோடு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போனை நடுவுல வை. அடிச்சா எடுப்போம். அதுவரைக்கும் கைக்கு ஏதாவது வேணும்" என்றாள்.

ஆடினோம். ஆட்டமா அது? நரி ஒரு பக்கம் சுற்றியது, முள்ளெலி ஒரு பக்கம் நின்றது. பூதங்கள் பாட்டுக்கு வந்தன, மரம் அணைந்தது, திரும்ப ஆரம்பித்தோம், திரும்ப அணைந்தது. இரண்டு பேர் கண்ணும் நடுவில் கிடந்த போனில்தான் இருந்தது. நடுவில் ஒருமுறை கயல் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் ஒரு வருஷமா பேசாதது மாமாவுக்கு வருத்தமா இருந்துதா?"

இருந்தது என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள், கையை எடுக்கவில்லை.

6

போன் அடித்தது. தெரியாத எண். நான் எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"வசந்தா, நான்தான்."

"அண்ணே! எங்கன இருக்கீக? ஏன் போனை எடுக்கல?" என்று கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன் சட்டையில இருக்கு. சட்டை ஆபீஸ் ரூம்ல தொங்குது. உள்ள விடமாட்டேங்காங்க. இது லாரி டிரைவர் போனு. நமக்கு ஒண்ணும் இல்ல புள்ள. பக்கத்து யூனிட்டு. ரெண்டு ரூம் போச்சு. சத்தம் கேட்டதும் நம்ம ஆளுக எல்லாம் வெளிய வந்துட்டாக."

"நீங்க?"

"நான் கேட்டுலதான் நின்னேன். மாரியம்மா ஒருத்தி பாதியில செருப்புக்குத் திரும்புறா. கெட்ட வார்த்தையில திட்டினேன், வந்துட்டா. நம்ம பக்கம் எல்லாரும் வந்தாச்சு. அங்கன ரெண்டு பேரு வரல. பெறகு தூக்கிட்டு வந்தாக. மதுரைக்குக் கொண்டு போயிருக்காக. தீக்காயம்."

குரல் உடைந்தது. எங்கள் அண்ணன் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை. கயல் போனை இழுத்துக்கொண்டாள். திக்கித் திக்கி, தமிழில்.

"மாமா. நான் கயல்."

"யாரு, என் மருமகளா? குளிச்சு முடிச்சுட்டியாக்கும்?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "மாமா, உங்க செருப்பு?"

"உள்ளதான் கெடக்கு தாயி. வெறுங்காலோட நிக்கேன். முள்ளு குத்துது. உங்க தாத்தா இருந்தா எனக்குப் பொரி குடுத்திருப்பாரு."

"மாமா, இதை நிறுத்திருங்க."

அந்தப் பக்கம் லாரிச் சத்தமும் யாரோ பேசுகிற சத்தமும் மட்டும் கேட்டன.

"நிறுத்திட்டு இந்த ஆளுகளுக்கு என்ன வேலை குடுக்கட்டும்? எனக்குத் தெரியல தாயி. தெரிஞ்சா எப்பமோ செஞ்சிருப்பேன். நீ படிக்கிற புள்ள, யோசிச்சுச் சொல்லு. கோவமா இருந்தாலும் போனை எடுத்துத் திட்டு. பேசாம மட்டும் இருக்காத. அம்புட்டுத்தான்."

"சரி மாமா."

"சரி, டிரைவர் மொறைக்கான். மதுரைக்குப் போறேன். அந்த ரெண்டு பேரப் பாக்கணும்."

இதை நான் எழுதுகிற இன்றும் அந்த இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள். கயல் தினமும் கேட்கிறாள். தினமும் அண்ணனுக்கு அவளே அடிக்கிறாள். இரண்டு பேரும் சண்டைதான் போடுகிறார்கள். அவள் பாதி ஜெர்மனில் கேட்பாள், அவர் புரிந்ததுக்கு மட்டும் பதில் சொல்வார். அவள் சொல்வதில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சண்டை சமையலறை வரைக்கும் கேட்கும்போது எனக்குச் சோறு இறங்குகிறது.

7

அன்றைக்கே, போனை வைத்த பிறகு பார்த்தால், அடுப்பில் பால் காய்ந்து கருகிக் கிடந்தது. நான் அதைச் சுரண்ட எழுந்தேன். கயல் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சின்னப் பிள்ளையில் அப்படி இழுப்பாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

இந்தத் தடவை அவள் கோபுரத்தை ஒட்டி என் கோபுரத்தை வைத்தேன். கை கூசியது. வைத்தேன். இரண்டும் ஒளிர்ந்தன. மூன்றாவதையும் ஒட்டியே வைத்தேன். பூதங்கள் செத்துச் செத்து விழுந்தன, தரையெல்லாம் நீலக் கல். எங்களுக்கே நம்ப முடியாதபடி பூதங்களின் கடைசிக் கூட்டம் வரைக்கும் வந்துவிட்டோம்.

நெருப்புப் பூதம் வந்தது. ஒரு கோபுரம் பற்றியது. அடுத்தது பற்றியது. நான் பயந்தது போலவே எல்லாம் வரிசையாகப் பற்றிக்கொண்டது. நான் நரியைத் திருப்பி ஓட்டினேன். பாதி வழியில் ஒரு பெரிய நீலக் கல் கண்ணில் பட்டது. இன்னும் ஒரு கோபுரம் கட்டலாமே, மரத்தைக் காப்பாற்றலாமே என்று ஆசை. திரும்பினேன்.

"அம்மா, செருப்ப எடுக்காத! ஓடு!"

தமிழில். தொண்டை கிழியக் கத்தினாள்.

கல்லை விட்டுவிட்டு ஓடினேன். நெருப்பு நரியின் வாலுக்குப் பின்னாலேயே வந்தது. எனக்கு அது விளையாட்டாகவே இல்லை, நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது. புகைக்குள் கல்வாசல் தெரிந்தது. முள்ளெலி எனக்கு முன்னாலேயே அங்கே போய்விட்டிருந்தது. வெளியே போகாமல், வாசலை அடைக்காமல் ஓரமாக, உள்ளே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. நரி அதைத் தாண்டிப் போனது. அதன் பிறகுதான் முள்ளெலி திரும்பியது.

மரம் அணைந்தது. திரை இருண்டு, தோற்றுவிட்டீர்கள் என்று எழுத்து வந்தது. மறுபடி ஆடவா என்று கேட்டது. இரண்டு பேரும் பொத்தானை அழுத்தவில்லை.

கயல் மூச்சு வாங்கியபடி என் தோளில் சாய்ந்தாள்.

"எல்லாரும் வந்தாச்சு" என்றாள்.